நாற்பத்து மூன்றாவது மகஜர்

சென்ற வாரம் திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குள் ஒரு வதந்தி வந்தது. சைக்கிள் கடை ரெங்கராஜ் எனக்குச் சொன்னார்; அவருக்குப் பால்காரர் சொன்னாராம்; பால்காரருக்கு யார் சொன்னார்கள் என்பது அவருடைய எருமைக்குத்தான் தெரியும். வதந்தி இதுதான்: எதிர்வீட்டுச் சௌரிராஜன் எழுதிய மகஜரை நகரசபையார் படித்துவிட்டார்களாம். படித்ததோடு நில்லாமல், தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வைப்பதென்று தீர்மானமும் போட்டுவிட்டார்களாம்.

ரெங்கராஜ் இதைத் தாழ்ந்த குரலில், தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். துக்கச் செய்தி கொண்டுவருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நானும் பழக்க தோஷத்தில், "எப்போ?" என்று கேட்டேன்.

மலைக்கோட்டைப் பிள்ளையார் படியிறங்கி வந்து, தெப்பக்குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஏறிப் போனார் என்று சொல்லியிருந்தால் விசாரிக்காமலே நம்பியிருப்பேன். நகரசபை மகஜரைப் படித்தது என்றால் எப்படி நம்புவது? சட்டையை மாட்டிக்கொண்டு, நேரிலே போய் விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன். ஆபீஸ் பதினொரு மணிக்குத் திறக்கும். திறக்கிறவர் பதினொன்றரைக்கு வருவார். அதற்குள் சௌரிராஜன் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடுகிறேன்.

வாசகர்களே, உலகத்தில் மகஜர் எழுதுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இது குலத்தாலோ கோத்திரத்தாலோ வருவதல்ல. வீட்டு வரி ரசீது ஒன்று, ஓய்வு நேரம் கொஞ்சம், அழகான கையெழுத்து என்கிற மூன்றும் ஓர் ஆசாமியிடம் சேர்ந்துவிட்டால் போதும், நோய் கண்டுவிடும். மற்றவர்கள் காலையில் எழுந்ததும் சூரியனைப் பார்ப்பார்கள். இவர்கள் சாக்கடையைப் பார்ப்பார்கள். தெருவில் ஒரு நாய் செத்துக் கிடந்தால் நீங்களும் நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போவோம். இவர் மூக்கை விட்டுவிட்டு இடுப்பிலிருக்கிற கடியாரத்தை எடுத்து மணி பார்த்துக் குறித்துக்கொள்வார். மறுநாளும் அது அங்கேயே கிடந்தால் அவர் முகத்தில் ஒரு திருப்தி படரும். மூன்றாம் நாள் யாரோ புண்ணியவான் அதை எடுத்துப் புதைத்துவிட்டால், அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

தெருவிளக்குகளில் எத்தனை எரிகிறது, எத்தனை எரியவில்லை, எத்தனை எரிவதுபோல் பாசாங்கு செய்கிறது என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். ஒரு பள்ளத்தைக் கண்டால் குடையை ஊன்றி ஆழம் பார்ப்பார். குடையிலே அங்குலம் குறித்த கோடு இருக்கும். "இதைச் சும்மா விடக்கூடாது" என்பது இவர் வீட்டில் குழந்தைகள் அம்மாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற சொல். "ரிக்கார்டிலே இருக்கட்டும்" என்பது இரண்டாவது. "நகல் நம்மகிட்ட இருக்கு" என்பது மூன்றாவது. இதைச் சொல்லும்போது பணப்பெட்டியைத் தொடுகிறவர் மாதிரி மார்பைத் தொட்டுக்கொள்வார்.

மகஜரின் அழகை நீங்கள் பார்க்கவேண்டும். "மகாராஜராஜஸ்ரீ சேர்மன் அவர்கள் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, சேர்மனுடைய க்ஷேமலாபங்களை விசாரித்து, பிறகு மூன்றரைப் பக்கத்துக்கு அவருடைய சோம்பலையும், கவனக்குறைவையும், அவர் காலத்தில் பெருகிய கொசுக்களையும், அவருக்கு முன்னிருந்தவர் காலத்தில் இருந்த கொசுக்களையும் ஒப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, அடியில் "என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று கையெழுத்துப் போடுவார். பொய்யில்லை. மகஜர் எழுதுகிறவரைவிட நகரசபைக்குக் கீழ்ப்படிந்தவர் யார்? வரியை முதல் தேதியே கொண்டுபோய்க் கட்டுகிறவர் அவர் ஒருவர்தானே?

சௌரிராஜன் இந்த இனத்தில் அசல் விதை. ரயில்வே கணக்கு ஆபீசில் முப்பது வருஷம் ஹெட் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தென்கலைத் திருமண் இட்டு, பஞ்சகச்சத்தோடு மேஜைமுன் உட்கார்ந்தாரானால், எழுந்திருக்கும்போது நகரசபை ஒரு மகஜரால் பெருத்திருக்கும். எங்கள் வெற்றிலைப்பந்தல் தெருவுக்குக் குழாய் வேண்டுமென்று 1926-ல் முதல் மகஜர் எழுதினார். இப்போது 1937. மொத்தம் நாற்பத்திரண்டு.

நகரசபை என்கிறேனே, எந்த நகரசபை என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் தெற்கே மலைக்கோட்டை தெரியும், வடக்கே ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரியும், நடுவில் காவிரி. மாடி எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கரை நகரசபையார் எழுதிவிட்டானே என்று கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கரை நகரசபையார் நம்மைப் பற்றி எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக முடியாமல் நிற்கிற கோபுரத்தைத் தினம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு குழாய்க்குப் பதினொரு வருஷம் என்பது எங்களுக்கு அவசர காரியம்.

அதற்காக நகரசபையார் சும்மா இருந்தார்கள் என்று அபாண்டமாகச் சொல்லக்கூடாது. இந்தப் பதினொரு வருஷத்தில் பார்க்கில் பாண்டு வாசிக்க ஒரு மேடை கட்டினார்கள். பாண்டு இல்லாததால் அதில் ஆடுகள் படுத்திருக்கின்றன. யாரோ ஒரு துரையை வரவேற்கப் பெரிய வளைவு கட்டினார்கள். துரை வேறு வழியாக வந்து வேறு வழியாகப் போய்விட்டார். ஒரே சாலைக்கு மூன்று கூட்டம் போட்டு மூன்று பெயர் வைத்தார்கள், சாலைதான் போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பார்க்கில் ஒரு நீரூற்று அமைத்தார்கள். நான்கு சிமெண்டுக் கொக்குகள் நான்கு திசையைப் பார்த்து நிற்கும். புதன், சனி மாலைகளில் நாலு மணிக்குத் திருகைத் திறந்தால் அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்தக் கொக்குகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற இரும்புக் குழாய் எங்கள் தெருவுக்கு அடியில்தான் ஓடுகிறது. புதன்கிழமை தரையில் காதை வைத்தால் சலசலவென்று கேட்கும். கேட்டுக்கொள்ளலாம், குடிக்க முடியாது. எங்கள் கிணறுகளோ அத்தனையும் உப்பு. குடிதண்ணீருக்குச் செக்கடித் தெருக் குழாய்க்குத்தான் பெண்கள் குடம் எடுத்துப் போகவேண்டும்.

இப்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். ஆபீசுக்குள் போகலாம்.

பொதுமராமத்துப் பிரிவு குமாஸ்தா முகம்மது கனி எனக்குப் பழக்கம். மென்மையான மனிதர். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"குழாய் வருதுங்கறது நெசந்தான் சார். வியாழக்கிழமை காலையில நம்ம குழாய் பிட்டர் தங்கையன் வந்து மாட்டிடுவான். மகஜரைப் படிச்சோம்ங்கறதுதான் வதந்தி."

"அப்ப நாற்பத்திரண்டு மகஜரும்?"

அவர் எழுந்துபோய் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்தார். தூசி பறந்தது. "பாருங்க. இருபத்தாறாம் வருஷம் மொதல் மகஜர் வந்ததும் நாங்க உடனே பதில் போட்டோம். 'தெருவின் அகலம் என்ன என்பதைத் தெரிவிக்கவும்'னு ஒரு வரி. அதுக்கு அய்யங்கார்சாமி என்னா எழுதுனாருன்னு பாருங்க."

பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. "தெருவின் அகலம் நகரசபைக்குத் தெரிந்திருக்கவேண்டியதேயன்றி வரி கொடுப்போர் தெரிவிக்கவேண்டியதன்று" என்று தொடங்கி இரண்டு பக்கம்.

"நாங்க கேட்டது நிலுவையில நிக்குது. அப்புறம் அவர் எழுதுன ஒவ்வொரு மகஜர்லயும் 'எனது முந்தைய மகஜரைக் காண்க'ன்னு இருக்கு. முந்தையது நிலுவையில இருந்தா பிந்தையதைப் பிரிக்கக் கூடாது சார், சட்டம். ஒண்ணோட ஒண்ணா நாற்பத்திரண்டையும் கட்டி வெச்சிருக்கோம். கயிறு மட்டும் ரெண்டு தரம் மாத்தியாச்சு."

பதினொரு வருஷம் இரண்டு தரப்பும் எழுதிக்கொண்டிருந்தன. தெருவில் ஒரு கயிற்றைப் பிடித்து அளக்க ஒருவரும் இல்லை.

"பின்னே குழாய் எப்படி வந்தது?"

"உங்க தெரு ஆப்பக்கடை மாரியாயியால வந்துது."

நடந்தது இது. போன மாதம் ஓவர்சியர் எதற்கோ எங்கள் தெரு வழியாகப் போனவர், மாரியாயி கடையில் இரண்டு ஆப்பம் சாப்பிட்டிருக்கிறார். அவளுடைய மிளகாய்த் துவையல் பேர்போனது. ஓவர்சியர் கண்ணில் நீர் வழிய, "தண்ணி, தண்ணி" என்றிருக்கிறார். மாரியாயி, "குடம் செக்கடித் தெருவுக்குப் போயிருக்குங்க. மக எடுத்தாந்ததும் தரேன். ஏழு மாசக்காரி, மெதுவாத்தான் வருவா" என்றிருக்கிறாள். ஓவர்சியர் வாயைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அந்தக் கால் மணி நேரத்தில் அவருக்கு இந்தத் தெருவுக்குக் குழாய் இல்லாத கொடுமை விளங்கிவிட்டது. தெரு அகலம் எவ்வளவு என்று அவளையே கேட்டார். "எதுத்தாப்புல ரெண்டு கட்டவண்டி வந்தா, ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கிட்டே போயிரலாம்" என்றாள் மாரியாயி. பதினாறு அடி என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றே வாரத்தில் தீர்மானம்.

கனி தீர்மானத்தின் நகலைக் காட்டினார். இந்த ஆபீஸ்களில் ஒரு சம்பிரதாயம் உண்டு; தீர்மானத்தின் தலையில் "படிக்கப்பட்டவை" என்று போட்டு, எந்தெந்தக் காகிதத்தைப் படித்து முடிவு செய்தார்கள் என்று ஒரு ஜாபிதா கொடுப்பார்கள். இதில் ஒரே ஒரு வரிதான்: "ஓவர்சியரின் குறிப்பும், அதில் கண்ட ஆப்பக்கடை மாரியாயியின் வாய்மொழியும்."

"இதை மட்டும் அய்யங்கார்சாமிகிட்ட சொல்லிராதீங்க சார்" என்றார் கனி. "வேலை முடியறதுக்குள்ள வரி கட்டறவங்க அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சேபணை குடுத்தா, வேலைய நிறுத்திக் கவுன்சிலுக்கு வெக்கணும். இப்ப எலெக்ஷன் வேற வருது. அப்புறம் குழாய் எந்தத் தை மாசம்னு எனக்கே தெரியாது."

சொல்லக்கூடாது என்று ஒருவர் சொன்னதைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அன்று சாயங்காலமே சௌரிராஜனிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் போன போக்கை என்ன சொல்வது! பெற்ற பிள்ளைக்கு வேறொருவர் தகப்பனார் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்போல் ஆனார். பிறகு மெதுவாக, "ஆப்பமா?" என்றார்.

"ஆப்பமும் துவையலும்."

"நாப்பத்திரண்டு மகஜர் ஓய். ஒண்ணுகூடவா படிக்கப்பட்டவையிலே இல்லை?"

"இல்லை."

"இதைச் சும்மா விடக்கூடாது" என்று எழுந்து மேஜைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை தங்கையன் வந்து, மாரியாயி கடைக்கு எதிரே குழி வெட்டி, இரும்புக் குழாயையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். தெரு முழுவதும் அந்தக் குழியைச் சுற்றிக் கூடி நின்றது. குழிக்குள் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தார்கள்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாற்பத்து மூன்றாவது மகஜர் தயார். "ஆட்சேபணை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சாராம்சம் இதுதான்: வெற்றிலைப்பந்தல் தெருவில் குழாய் வைப்பது உரிய மகஜரின்பேரில் நிகழாமல், வாய்மொழியின்பேரில் நிகழ்வதால் முறைகேடானது, ஆகவே வேலையை நிறுத்தி, முந்தைய நாற்பத்திரண்டு மகஜர்களையும் வரிசைக்கிரமமாகப் படித்து, அவற்றின்பேரில் அதே இடத்தில் அதே குழாயை மறுபடி அனுமதிக்கவேண்டும்.

ஐந்து கையெழுத்தில் நான்கு ஏற்கெனவே விழுந்திருந்தன. சௌரிராஜனுடையது ஒன்று. மற்ற மூன்றில் ரெங்கராஜும் உண்டு, விறகுக்கடை நல்லதம்பியும் உண்டு, தையற்கடை தைரியராஜும் உண்டு. மூவருக்கும் குழாய் உயிர். மூவரும் குழிக்குள் எட்டிப் பார்த்தவர்கள். பின் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? பதினொரு வருஷமாக எப்படிப் போட்டார்களோ அப்படித்தான். சௌரிராஜன் காகிதத்தோடு வருவார், இவர்கள் "குழாய்க்குத்தானே சாமி?" என்பார்கள், அவர் "குழாய் விஷயமாத்தான்" என்பார், போடுவார்கள். எங்கள் தெருவில் மகஜரைப் படித்துப் பார்ப்பது எழுதினவரை அவமதிப்பது மாதிரி.

ஐந்தாவதுக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் அந்த நாற்பத்திரண்டிலும் படிக்காமல் போட்டவன்தான். ஆனால் இந்தத் தடவை எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தபின் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கஷ்டமான காரியம்!

பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அப்போது மாரியாயி கடையைச் சாத்திவிட்டு அந்தப் பக்கமாக வந்தாள்.

"என்னா காயிதம் சாமி? படிச்சுக் காட்டுங்க" என்றாள். எங்கள் தெருவில் மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட முதல் ஆசாமி அவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கேட்கத் தெரிந்திருந்தது.

சௌரிராஜன் கூச்சப்படுகிறவர் இல்லை. முழுவதையும் கணீரென்று படித்தார். மாரியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நாளைக்குக் குழா கிடையாதா?"

"கிடையாதுன்னு எங்கே சொல்லியிருக்கு? முறையா வரணும்னு சொல்லியிருக்கு."

"முறையான்னா?"

"என் மகஜர்மேலே வரணும்."

"தண்ணி எது மேல வந்தா என்ன சாமி. குழாய்க்குள்ள வந்தாப் போதாதா?"

"உனக்குப் புரியாது, மாரியாயி. பதினோரு வருஷம் எழுதினவன் நான். நாளைக்கு யாராவது ரிக்கார்டைப் பார்த்தா, இந்தக் குழாய் ஆப்பத்தாலே வந்ததுன்னு இருக்கும்."

"வேணும்னா ரிக்காட்ல என் பேர அடிச்சுட்டு உங்க பேர எழுதிக்கச் சொல்லுங்க. நான் எங்க அதப் படிக்கப் போறேன்? எம் மவ நாளைக்கும் வவுத்தத் தள்ளிக்கிட்டுக் குடந்தூக்கணுமான்னு சொல்லுங்க. அத மட்டும் சொல்லுங்க."

சௌரிராஜன் மகஜரைப் பார்த்தார். நாலு பக்கத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போலும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முன்னையே எழுத்து மூலமா..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் எதிரே சௌரிராஜன் வீட்டுக் கதவு திறந்தது. அவருடைய சம்சாரம் கோதைநாயகி இரண்டு பித்தளைக் குடங்களோடு வெளியே வந்தார். அவ்வளவையும் ஜன்னலுக்கு உள்ளிருந்து கேட்டிருக்கவேண்டும். இரண்டு குடத்தையும் சௌரிராஜன் காலடியில் வைத்தார்.

"ஏன்னா, ஆத்துலே ஒரு சொட்டுத் தீர்த்தம் கிடையாது. இன்னிக்கு நீங்க கொண்டு வாங்கோ."

"நானா? அஞ்சு மணிக்குள்ளே ஆபீசுலே சேர்க்கணும்."

"பதினோரு வருஷமா நான் சுமந்துண்டு வந்துண்டிருக்கேன். இன்னிக்கு என் இடுப்பு ஆட்சேபணை பண்றது. அதுக்கும் அஞ்சு கையெழுத்து வேணுமா?"

மாரியாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

சௌரிராஜன் கடியாரத்தை எடுத்தார். மூன்றே கால். கணக்கு ஆபீஸ் மூளை வேலை செய்தது. "செக்கடித் தெருக் குழாய் இங்கேர்ந்து இருநூத்திப் பத்து கஜம். போக அஞ்சு நிமிஷம், வர ஆறு நிமிஷம், குடம் ரொம்ப நாலு நிமிஷம். பதினஞ்சு நிமிஷக் காரியம். எட்டாவது மகஜர்லேயே எழுதியிருக்கேன்" என்றார். தான் எழுதினதைத் தானே நம்புகிறவன் மனிதர்களில் அபூர்வம். மகஜரை மடித்து மடியில் செருகிக்கொண்டார். இரண்டு கையிலும் குடத்தைத் தூக்கினார். "திரும்பி வந்ததும் நீர் கையெழுத்துப் போடணும் ஓய்."

"போடறேன்" என்றேன். சாட்சிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது? நானும் பின்னாலேயே போனேன். செக்கடித் தெருக் குழாயில் அப்போது இருபத்தேழு குடம் வரிசையில் இருந்தது. சௌரிராஜன் எட்டாவது மகஜரில் தூரத்தைக் கஜக் கணக்கில் எழுதியிருந்தார். குடங்களை எழுத மறந்துவிட்டார். நேராகப் போய்க் குழாயடியில் குடத்தை வைத்தார்.

அந்தத் தெருக் காளியாயி அதைக் காலால் நகர்த்தினாள். "எந்தத் தெரு நீங்க?"

"வெற்றிலைப்பந்தல் தெரு."

"வெளித்தெருக்காரவுகளுக்கு எங்க தெரு முடிஞ்சாத்தான்."

"எந்த விதிப்படி?"

"எங்க விதிப்படி."

"எழுத்திலே இருக்கா?"

"எம் மூஞ்சில இருக்கு, பாருங்க."

சௌரிராஜன் பார்த்தார். இருந்தது. ஆனாலும் அவர் விடுகிறவரா? குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வரிசையைக் கிரமப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு குடத்துக்கும் சொந்தக்காரி பெயர், வந்த நேரம், குடத்தின் கொள்ளளவு எல்லாம் விசாரித்து எழுத ஆரம்பித்தார். பெண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர் பன்னிரண்டாவது பெயரை எழுதுவதற்குள், பின்னால் வந்த ஒன்பது குடங்கள் அவருடைய குடங்களைத் தாண்டிப் போய்விட்டன.

மணி நாலு அடித்தது. புதன்கிழமை. பார்க்கில் யாரோ திருகைத் திறந்தார்கள். குழாயில் விரல் பருமனுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் பென்சிலாயிற்று, பென்சில் நூலாயிற்று, நூல் பிறகு துளிகளாயிற்று. அந்த நேரத்தில் நான்கு சிமெண்டுக் கொக்குகள் நான்கு திசையிலும் ஆடுகளுக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"என்ன, நின்னுடுத்து?" என்றார் சௌரிராஜன்.

"கொக்கு குடிக்குது" என்றாள் காளியாயி. "அது குடிச்சு முடிச்சாத்தான் நாம. பொதங்கிழமன்னா இப்புடித்தான். ஒங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியுமே. சொன்னதில்லியா?"

காளியாயி சொன்னதை நோட்டுப் புத்தகத்தில் எழுதப் போன சௌரிராஜன், எழுதாமலே மூடிவிட்டார். வரிசையில் தம் குடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். பஞ்சகச்சத்தின் நுனி சேற்றில் கிடந்தது. மடியிலிருந்த மகஜர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்குமேல் வேடிக்கை பார்க்கக் கூச்சப்பட்டு, தள்ளிப்போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன்.

ஐந்து மணிக்கு நகரசபைச் சங்கு ஊதிற்று. ஐந்தே காலுக்கு அவர் முறை வந்தது. ஐந்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் குடங்களை இறக்கி வைத்தார். வழியெல்லாம் சிந்தியதுபோக, மொத்தம் ஒன்றேகால் குடம் இருந்தது. கோதைநாயகி இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ரிக்கார்டிலே இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கையன் குழாயை மாட்டினான். முதல் குடம் மாரியாயியின் மகள் பிடித்தாள். இரண்டாவது கோதைநாயகி. கையெழுத்துப் போட்ட மூன்று பேரும், "நாம போட்ட கையெழுத்து வீண்போகலை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கவும் சில சமயம் எனக்கு வருகிறது.

சௌரிராஜன் மனம் மாறிவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. இப்போது புதன்கிழமைக் கொக்குகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம்: முதல் பத்தியிலேயே தெருவின் அகலத்தைப் போட்டுவிட்டார். பதினாறு அடி. மாரியாயியைக் கேட்டு எழுதினதாகக் கேள்வி. இந்த வதந்தியை நான் விசாரிக்கப் போவதில்லை.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்களே, வாசகரே, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, வேறொருவர் ஒரு வார்த்தை சொன்னதும் நடந்துவிட்டால், நடந்ததே என்று மகிழ்வீர்களா, நான் சொன்னபோது நடக்கவில்லையே என்று வெதும்புவீர்களா? உங்கள் ஆபீசில்? உங்கள் வீட்டில்? இந்தச் சித்திரத்தில் ஏதோ ஒரு விவரம் பிசகு என்று தோன்றி, பத்திரிகாசிரியருக்கு நாலு வரி எழுதி, அதற்கு ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் குடையை எடுத்துப் பாருங்கள். அங்குலக் கோடு இருக்கப் போகிறது.

என்னைக் கேட்டால், நான் அந்த இனம் இல்லை. புதுக் குழாய் இடதுபக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்பது உண்மை. அதைப் பற்றி நான் கொஞ்சம் எழுதியிருக்கிறேன் என்பதும் உண்மை. ஆனால் இரண்டே பக்கம். ரெங்கராஜும் நல்லதம்பியும் தைரியராஜும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், என்னுடையதோடு நாலு. ஐந்தாவதுக்கு நேற்றுச் சாயங்காலம் சௌரிராஜனிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, புதன்கிழமைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்த தம்முடைய நாற்பத்து மூன்றாவதை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"வந்ததும் போடறேன்னு சொன்னீர். நான் வந்து எட்டு நாளாச்சு. முதல்லே அந்தப் பாக்கியைத் தீரும்" என்றார்.

என் பேனாவில் மை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.